பத்தொன்பதாவது ஆள்

"உன் பசையும் உன் பழம்புடவையும்தான் என் புருஷன் கையை ஒடிச்சுது, எம்மி! இனிமே இந்த வேலிக் கதவு உனக்குத் திறக்காது!"

இதுதான் தம்பி அந்தம்மா சொன்னது. ஓர் எழுத்து நான் கூட்டவில்லை. இங்கிலீஷில் சொன்னார், காரம் குறையாமல் தமிழில் சொல்கிறேன். அதுவும் எங்கே? ஆஸ்பத்திரி வாசலில், பங்குச் சாமியார் பக்கத்தில் நிற்கும்போது! பசை கையை ஒடிக்குமா? நீங்களே சொல்லுங்கள். பசை ஒட்டும். ஒடிக்காது.

அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் எத்தனை தடவை மணி அடித்தாலும் அந்த வீட்டில் திறக்க மாட்டார்கள். ஆள் இல்லாமல் இல்லை. கார் நிற்கிறது, டிவி ஓடுகிறது, ஜன்னல் திரை ஆடியதை நான் இங்கிருந்தே பார்த்தேன். உங்களை நான் அனுப்பிய ஆள் என்று நினைத்திருப்பார். இந்த ஊரில் நம் நிறத்தில் யார் தெருவில் போனாலும் எனக்குச் சொந்தம் என்றுதான் நினைப்பு. பார்சலை என்னிடம் கொடுங்கள், பக்கத்து வீட்டுக்காரி என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். சட்டையில் இளம்பரிதி என்று போட்டிருக்கிறதே, எந்த ஊர்? மன்னாரா? அப்படிச் சொல்லுங்கள். நான் தூத்துக்குடி. நடுவில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். உட்காருங்கள். டீ குடிக்கிற நேரத்தில் வண்டி எங்கேயும் ஓடிப்போகாது.

என் பெயர் எமரன்சியா. அந்தம்மாவுக்கு, மோரீனுக்கு, அது வாயில் நுழையவில்லை. எம்மி ஆக்கிவிட்டார். ஞானஸ்நானப் பெயரை நாய்க்குட்டிப் பெயராக்கினாலும் நான் பொறுத்துக்கொண்டேன். ஏனென்றால் அவரும் கான்வென்ட், நானும் கான்வென்ட். அங்கேயும் அயர்லாந்துக் கன்னியாஸ்திரீகள், இங்கேயும் அயர்லாந்துக் கன்னியாஸ்திரீகள். ஒரே ஜெபம், ஒரே பிரம்பு. என் வீட்டுக்காரருக்கு இங்கே ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலை. அதற்காக மெல்பர்னில் இருந்து மூன்று மணி நேரம் தள்ளி, மனிதரைவிட மாடு அதிகமாக இருக்கிற இந்த ஊருக்கு வந்தோம். வந்த அன்றைக்கே எலுமிச்சம்பழத்தோடு வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்தது மோரீன்தான். நன்றி இல்லாதவள் இல்லை நான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அவர் புருஷன். லெஸ் டூலன். தொண்ணூறைத் தொடப்போகிற மனிதர், பெயர் சொல்லிக் கூப்பிடு என்கிறார்! எனக்கு நாக்கு எழும்புமா? மிஸ்டர் டூலன் என்றுதான் கூப்பிடுவேன். தினம் காலையில் நான் துணி காயப்போடுகிற நேரம் பார்த்து, வயசானவர்கள் ஊன்றி நடக்கிற நாலு கால் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வந்துவிடுவார். வந்தால் ஃபுட்பால். மழையைப் பற்றி ஆரம்பித்தாலும் ஃபுட்பால், மாட்டைப் பற்றி ஆரம்பித்தாலும் ஃபுட்பால்.

எனக்கு அந்த ஆட்டத்தில் ஒரு மண்ணும் தெரியாது தம்பி, அக்கறையும் கிடையாது. நான் துணியைப் பார்ப்பேனா, அவர் வாயைப் பார்ப்பேனா?

பந்து முட்டை மாதிரி இருக்கும். மைதானமும் முட்டை மாதிரி. ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். இரண்டு முனையிலும் நாலு நாலு கம்பம். நடுவில் இருக்கிற உயரமான இரண்டுக்குள் உதைத்தால் ஆறு, ஓரத்தில் போனால் ஒன்று. கம்பத்தில் பட்டாலும் ஒன்றுதான். ஒருவன் உதைத்த பந்தை இன்னொருவன் அந்தரத்தில் பிடித்துவிட்டால் மற்றவன் எல்லாம் விலகி நிற்க வேண்டும். பிடித்தவன் பின்னால் நடந்துபோய், நிதானமாக ஓடிவந்து உதைக்கலாம். ஆட்டம் முடிந்ததென்று சங்கு ஊதிவிட்டாலும் அந்த ஓர் உதை அவனுடையது. அதை யாரும் பிடுங்க முடியாது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுவும் காதில் விழுந்தது.

மிஸ்டர் டூலன் மாட்டுப்பண்ணைப் பிள்ளை. அவர் உதைக்கிற உதையைப் பார்த்து, மெல்பர்னில் இருந்து பெரிய கிளப்காரன் ஒருவன் காரில் வந்து மாட்டுத் தொழுவத்தில் நின்றானாம், பளபளப்பான சப்பாத்து சாணியில் புதைய. அவர் அப்பா கறப்பதை நிறுத்தவில்லையாம். "கூட்டிட்டுப் போ. சனிக்கிழமை சாயங்காலம் யாரு கறப்பா, அத மட்டும் சொல்லிட்டுப் போ" என்றாராம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நடந்தது. இவருக்கு அப்போது மீசை ஒழுங்காக வளரவில்லை. பகலில் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை, சாயங்காலம் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம்.

ஆட்டம் என்றா சொன்னேன்? ஆட்டம் மற்றவர்களுக்கு. இவர் பத்தொன்பதாவது ஆள்.

அந்தக் காலத்தில் அப்படி ஒரு பதவி இருந்திருக்கிறது தம்பி. பதினெட்டில் ஒருவனுக்கு அடிபட்டால் இவன் இறங்க வேண்டும். அடிபட்டு வெளியே போனவன் திரும்பி வர முடியாது. அதனால் பயிற்சி கொடுக்கிறவர் கடைசிவரை இவனை இறக்கவே மாட்டார், கை ஒடிந்தவனையும் ஓடு ஓடு என்பார். பத்தொன்பதாவது ஆள் மழையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். எதைப் போட்டுக்கொண்டு? டிரெஸ்ஸிங் கவுன்! குளித்துவிட்டு வீட்டுக்குள் போடுகிற கவுனைப் போட்டுக்கொண்டு, ஊரே பார்க்க உட்கார்ந்திருக்க வேண்டும். இவருடையது அவர் அம்மா கம்பளியில் தைத்துக்கொடுத்த அரக்கு நிறக் கவுன். பதினெட்டுப் பேரும் மைதானத்துக்குள் ஓடுவார்களாம், ஜனம் கத்துமாம். இவர் பின்னால் கவுனோடு நடந்துபோய் பெஞ்சில் உட்காருவாராம். சனிக்கிழமை தவறாமல். ஒரு சீசன் முழுக்க, அடுத்த சீசனிலும் பாதி.

"ஏன் மிஸ்டர் டூலன், வெட்கமா இல்லையா? நான்னா அந்தப் பயிற்சிக்காரன் மூஞ்சியிலயே கவுனைக் கழட்டி எறிஞ்சிட்டு வந்திருப்பேன்" என்று கேட்டிருக்கிறேன். அவர் சிரிப்பார். "அதனாலதான் எம்மி உன்னை யாரும் டீம்ல சேர்க்கல."

எனக்குப் பதில் சொல்கிற மனிதர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

ஒருநாள் இறக்கிவிட்டார்கள். சேறு. கடைசிக் கால்பகுதி. ஒருவன் முட்டி பிசகிப் படுத்துவிட்டான். பயிற்சிக்காரர் பெஞ்சைப் பார்த்து "டூலன்!" என்றாராம். இவர் எழுந்திருக்கிறார், கவுன் கயிறு முடிச்சு விழுந்துகொண்டது, அவிழவில்லை. பக்கத்தில் இருந்தவன் பல்லால் கடித்து அவிழ்த்தானாம். ஓடினார். மீதி இருந்தது பத்து நிமிஷம். பந்து இவர் பக்கமே வரவில்லை. இவருடைய கிளப் கொஞ்சம் பின்னால், ஆறு கிடைத்தால் ஜெயித்துவிடலாம். கடைசியில் எவனோ கண்ணை மூடிக்கொண்டு உதைத்த பந்து, வருகிறது, வருகிறது, இவர் எகிறிப் பிடித்துவிட்டார். கம்பத்துக்கு நேர் எதிரே. அதே நேரம் சங்கு ஊதிவிட்டது. இனி அந்த ஓர் உதைதான். இவர் பின்னால் நடக்கிறார், கையால் பந்தின் சேற்றைத் துடைக்கிறார், திரும்புகிறார்...

என்ன பார்க்கிறீர்கள்? அவ்வளவுதான். அந்த இடத்தில் என் குக்கர் விசில் அடித்துவிடும்.

சிரிக்காதீர்கள். பருப்பு குழைந்தால் என் வீட்டுக்காரர் முகத்தை ஒரு முழம் நீட்டுவார். "சரி சரி, மீதிய நாளைக்குச் சொல்லுங்க" என்று நான் உள்ளே ஓடுவேன். மறுநாள் விட்ட இடத்தில் ஆரம்பிக்க வேண்டியதுதானே மனிதர்? மாட்டார். மறுபடி தொழுவம், சாணி, அவர் அப்பா, கவுன். "சுருக்கமா சொல்லுங்க மிஸ்டர் டூலன்" என்றால் இன்னும் நீட்டுவார். பந்தைத் துடைக்கிற இடம் வரும்போது குக்கர், இல்லாவிட்டால் மோரீன் உள்ளே இருந்து "லெஸ், மாத்திரை!" இப்படி நாலு வருஷம். கிழவர்கள் எல்லோரும் கடைசி நிமிஷக் கதை ஒன்று வைத்திருப்பார்கள், இதற்கு எதற்கு அடுப்பைத் தீய விடுவது என்று நானும் இருந்துவிட்டேன்.

அந்த ஆட்டத்துக்கு அடுத்த மாசமே முட்டி போய்விட்டதாம் அவருக்கு. ஊருக்குத் திரும்பி வந்து மாடு கறந்தார், மோரீனைக் கட்டினார், உள்ளூர் கிளப்பில் நொண்டி நொண்டி ஆடினார். அந்த உள்ளூர் கிளப்புக்குத்தான் இப்போது நூறு வயது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது தம்பி, கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். முக்கியமான ஆட்டம் என்றால் பெண்கள் கூடி, மாதா கோயில் மண்டபத் தரையில் முட்டி தேய உட்கார்ந்து, வண்ணக் காகிதத்தில் வீட்டுச் சுவர் அளவுக்குப் பெரிய திரை செய்வார்கள். எழுத்து, படம், கிளப் நிறம் எல்லாம் ஒட்டுவார்கள். ஆட்டத்தன்று இரண்டு கம்பில் கட்டித் தூக்கிப் பிடிப்பார்கள். ஆட்டக்காரர்கள் ஓடிவந்து அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே போவார்கள். ஒரு வாரத்து வேலை, கண் சிமிட்டுவதற்குள் குப்பை. அதற்குக் கைதட்டு வேறு!

நூறாவது ஆண்டு ஆட்டத்துக்கு மிஸ்டர் டூலன்தான் முதலில் அந்தத் திரைக்குள் நுழைய வேண்டும் என்று கிளப்பில் இருந்து வந்து கேட்டார்கள். உயிரோடு இருக்கிற ஆட்டக்காரர்களில் மூத்தவர் இல்லையா? மனிதருக்கு முகம் பூத்துவிட்டது. "எம்மி, பதினெட்டுப் பேரு முன்னால ஓடுவாங்க, நான் பின்னால கவுனோட நடப்பேன். ஒரே ஒரு தடவை முன்னால போகணும்" என்றார். மோரீன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். முடியாது. இடுப்பில் ஆபரேஷன் செய்த உடம்பு, ஈரப் புல், விழுந்தால் யார் பொறுப்பு? கிளப்காரர்களும் சரி என்றுவிட்டார்கள். போர்வை போர்த்திப் பெஞ்சில் உட்காரவைத்து மரியாதை செய்கிறோம் என்றார்கள்.

மறுபடியும் பெஞ்ச்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

நான் நேராகப் போய்க் கேட்டேன். "மோரீன், உங்க புருஷன் என்ன கண்ணாடிப் பாத்திரமா?" அந்தம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "அவர் விழுந்தா உனக்கு ஒரு கதை, எம்மி. எனக்கு?"

என்ன பேச்சு இது! எனக்கென்ன கதை கேட்கிற வியாதியா? பொறாமை, வேறென்ன. புருஷனை நாலு பேர் பார்த்துக் கைதட்டினால் சிலருக்குப் பொறுக்காது.

சரி, திரை வேலைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் தம்பி, வயிறு எரிந்தது. சவ்வு மாதிரி காகிதம், நடுவில் கிழிவதற்கென்றே ஒரு பிளவு, அதில் பெயருக்கு ஒரு டேப். போன தடவை ஆட்டக்காரர்கள் வருவதற்கு முன்னாலேயே காற்று கிழித்துக்கொண்டு போய்விட்டதாம், அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்! எங்கள் கான்வென்ட்டில் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் இமாகுலேட், நாம் தைத்ததை இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார். பிரிந்தால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. அந்தக் கையில் வளர்ந்தவள் நான். கடைசி நாள் மற்றவர்கள் எல்லாம் கிளம்பியபின் சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். மைதா மாவில் பசை காய்ச்சினேன், நம் ஊரில் சினிமா போஸ்டர் ஒட்டுவார்களே, அந்தப் பதம். காகிதத்துக்குப் பின்னால் காகிதம். அதற்கும் பின்னால், என் பழைய சுங்குடிப் புடவையைப் பட்டை பட்டையாகக் கிழித்து, குறுக்கும் நெடுக்கும் ஒட்டினேன். பிளவையும் மூடினேன். புயல் வந்தாலும் நிற்கும்!

இடது ஓரத்தில், தள்ளுவண்டி போகிற அகலத்துக்கு மட்டும் புடவை வைக்கவில்லை. வெறும் காகிதம். அடையாளத்துக்கு ஒரு சின்ன சிலுவை. மறுநாள் வேலியில் நின்று மிஸ்டர் டூலனிடம், "இடது ஓரம், சிலுவை போட்ட இடம் வெறும் காகிதம்" என்று சொன்னேன். போங்கள் என்று சொன்னேனா? இல்லையே. இருக்கிற இடத்தைச் சொன்னேன். அது ஒரு தகவல்.

சனிக்கிழமை. நல்ல காற்று. ஊரே வந்திருந்தது. இங்கே காரை மைதானத்தைச் சுற்றி நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தே பார்ப்பார்கள், சந்தோஷம் வந்தால் ஹாரன் அடிப்பார்கள். எதிர் அணியின் திரை முதலில் வந்தது. காற்று அதைப் பப்படம் மாதிரி நொறுக்கிவிட்டது. அடுத்து எங்கள் திரை. அசையவில்லையே! பாய்மரம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. பிடித்திருந்த பெண்கள் நாலு பேரும் காற்றில் இழுபட்டார்கள், திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் என் வீட்டுக்காரரை இடித்து, "பார்த்தீங்களா?" என்றேன். அவர் எங்கள் ஊர்ப் பேச்சில், "பார்த்தேன் ளா, ஆனா இது கிழியணும்லா?" என்றார். அவருக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்.

கேப்டன் பிராடி ஓடிவந்தான். கறிக்கடைக்காரர் மகன், கிடா மாதிரி உடம்பு. தலையைக் குனிந்துகொண்டு நடுவில் போய் முட்டினான். முட்டின வேகத்துக்கு அப்படியே திரும்பி வந்து பின்புறம் அடிபட உட்கார்ந்தான். பின்னால் வந்தவன் அவன்மேல், அதற்குப் பின்னால் வந்தவன் இவன்மேல். மூட்டை அடுக்கின மாதிரி மொத்தக் குழுவும் குவிந்து கிடக்கிறது. ஜனத்துக்குச் சிரிப்பு, அந்த மாதிரிச் சிரிப்பை நான் கேட்டதில்லை. எழுந்து மறுபடி முட்டினார்கள். சிஸ்டர் இமாகுலேட் பார்த்திருந்தால் என்னைக் கட்டிப்பிடித்திருப்பார்.

அப்போதுதான் பெஞ்சில் இருந்து மிஸ்டர் டூலன் எழுந்தார்.

போர்வையைத் தள்ளினார். உள்ளே என்ன போட்டிருந்தார் தெரியுமா? அரக்கு நிறக் கவுன். எங்கே வைத்திருந்தாரோ, அந்துப்பூச்சி அரித்த அதே கவுன். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவசரமே இல்லை. குவிந்து கிடந்த பையன்களைச் சுற்றிக்கொண்டு இடது ஓரத்துக்குப் போனார். மூக்கை ஒட்டவைத்து சிலுவையைத் தேடினார். வண்டியால் ஒரு குத்து. கிழிந்தது. பதினெட்டுப் பேரால் முடியவில்லை, இவர் உள்ளே போய்விட்டார்!

ஹாரன் என்றால் ஹாரன். மாடுகள் எல்லாம் மிரண்டிருக்கும். என் கண்ணில் தூசி விழுந்துவிட்டது, காற்று அப்படி. துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், மனிதர் அந்தப் பக்கத்தில் நின்று, வண்டியை விட்டுவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்குகிறார். இரண்டு கையையும் எதற்குத் தூக்க வேண்டும்? ஒரு கை போதாதா? அதற்கு நான் என்ன செய்ய முடியும்? புல் ஈரம், அதற்கும் நானா தண்ணீர் விட்டேன்? விழுந்தார். மணிக்கட்டு. அந்த வயதில் மோரீன் ஓடினதைப் பார்க்க வேண்டும், கைப்பை ஒரு பக்கம், சப்பாத்து ஒரு பக்கம். இவர் புல்லில் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு கன்னத்தில் தட்டுகிறார், திட்டுகிறார், மறுபடி தட்டுகிறார். நான் கிட்டே போனேன். "தள்ளிப் போ" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அப்புறம்தான் ஆஸ்பத்திரி வாசல், பசை, பழம்புடவை. அதுதான் சொன்னேனே.

அன்றையிலிருந்து வேலிக் கதவில் உள்தாழ்ப்பாள். கட்டுப் போட்ட கையோடு மனிதர் வீட்டுக்கு வந்தாயிற்று, வேலிப் பக்கம் வரவில்லை. ரசம் வைத்து டப்பாவில் ஊற்றிக் கதவடியில் வைத்தேன். மறுநாள் டப்பா என் வாசலில் இருந்தது. கழுவி, துடைத்து, வெறும் டப்பா! நம் ஊரில் யாராவது வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பார்களா? இந்தம்மாவே கொடுத்ததில்லை தம்பி. எலுமிச்சம்பழம், ஜாம், ஒன்றும் இல்லாவிட்டால் தோட்டத்துக் கீரை. நாலு வருஷத்தில் இதுதான் முதல் வெறும் டப்பா. "போய் ஒரு சாரி சொல்லிரு ளா" என்கிறார் என் வீட்டுக்காரர். எதற்குச் சாரி? ஒழுங்காக ஒட்டினதற்கா?

என் மகன் மெல்பர்னில் இருந்து வந்தவன் போனைத் தூக்கிக்கொண்டு, "பழைய ஆட்டமெல்லாம் இதுல இருக்கும்மா, அந்தப் பந்து உள்ளே போச்சான்னு இப்பவே பார்த்துச் சொல்றேன்" என்றான். பிடுங்கி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். அவன் யார் சொல்ல? நாலு வருஷம் தொழுவத்துச் சாணியிலிருந்து கேட்டவள் நான்.

துணி இப்போது சீக்கிரம் காயப்போட்டு முடித்துவிடுகிறேன். பேச்சு இல்லை, தொந்தரவு இல்லை. நிம்மதிதான்.

எழுந்துவிட்டீர்களா? இருங்கள், பார்சலை நானே வேலிப் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பார்சலை வாங்கத் தாழ்ப்பாளைத் திறந்துதானே ஆகவேண்டும்? நீங்களும் வாருங்கள், அரசாங்க ஆள் மாதிரி பக்கத்தில் நில்லுங்கள். கேட்கிறதா, டிவி சத்தம் குறைகிறது. உள்ளே இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

"மோரீன்! பார்சல் வந்திருக்கு!... மோரீன்!... சரி, நீங்க திறக்க வேண்டாம். மிஸ்டர் டூலன், நீங்க அங்கிருந்தே சொல்லுங்க. பந்தைத் துடைச்சீங்க, திரும்புனீங்க. அப்புறம்? சுருக்கமா வேண்டாம், எவ்வளவு நீளமா வேணும்னாலும் சொல்லுங்க. நான் குக்கரை அணைச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."